எந்தக் கோவில்?

யாழ்ப்பாணத்தில் இரண்டு கிறிஸ்தவப் பிள்ளைகள் கதைக்கத் தொடங்கினால், முதல் வாற கேள்வி "லவ்வோ?" இல்லை. "எந்தக் கோவில்?" என்பதுதான். பெடியன் மற்றப் பக்கத்தைச் சேர்ந்தவன் என்றால் அங்கே அது "எந்தச் சேர்ச்?" என்று மாறும். சொல் மாறினாலும் கேள்வி ஒன்றுதான்.

கேட்கிற ஆளுக்கு அது ஒரு சின்னக் கேள்வி. பதில் சொல்லுற ஆளுக்குத்தான் அதுக்குள்ளே மூன்று கேள்வி இருப்பது தெரியும். கத்தோலிக்கமோ அல்லாததோ, இது முதலாவது. எந்த ஊர், இது இரண்டாவது. மூன்றாவதை ஒருத்தரும் வாய் திறந்து கேட்க மாட்டினம். முதல் இரண்டுக்கும் பதில் கிடைத்தால் மூன்றாவதுக்கும் பதில் கிடைத்த மாதிரித்தான்.

கம்பஸில் எங்கட சைவ நண்பர்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது. அவர்களுக்கு நாங்கள் எல்லாரும் "வேதக்காரர்". 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் கிறிஸ்தவர்கள் 7.6 வீதம். அதில் கத்தோலிக்கர் 6.2 வீதம், மற்றச் சபைகள் எல்லாம் சேர்ந்து ஒன்றரை வீதம்கூட இல்லை. "இருக்கிறதே இவ்வளவு பேர், அதுக்குள்ள என்ன பக்கம்?" என்று என்ர றூம்மேற் கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஐந்நூறு வருசம் பின்னுக்குப் போக வேண்டும்.

போர்த்துக்கேயர் கடலால் வந்தவர்கள். 16ஆம் நூற்றாண்டில் அவர்களின் குருக்களிடம் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்களில் பலர் கரையோர மக்கள். 1544 இல் மன்னாரில் அதுக்காகவே நூற்றுக்கணக்கானோர் உயிரைக் கொடுத்தார்கள். 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள். 1687 இல் கோவாவில் இருந்து யோசேப் வாஸ் அடிகள் ஒளித்து வந்து சேரும்வரைக்கும் குருக்கள் இல்லாமலே எங்கட ஆட்கள் செபமாலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். பிறகு ஆங்கிலேயர் காலத்தில், 1816 இல், அமெரிக்க மிஷனரிமார் வந்து தெல்லிப்பழையில் வேலை தொடங்கினார்கள். அவர்கள் போனது உள்ளூருக்கு, பள்ளிக்கூடங்களோடு. அந்த வழியில் வந்த சபைகள்தான் 1947 இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் ஆனது.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஆனால் பெரும்பாலும் கரையில் இருப்பவர்கள் நாங்கள், உள்ளே இருப்பவர்கள் அவர்கள். கரையில் ஒரு சாதி, உள்ளே இன்னொரு சாதி. அதனால்தான் "எந்தக் கோவில்?" என்ற கேள்வி இவ்வளவு வேலை செய்கிறது.

நான் கரை. அவன் உள்ளூர். இருவரும் கலைப்பீடம், மூன்றாம் வருசம்.

மார்கழியில் கிறிஸ்தவ மாணவர்கள் சேர்ந்து கரோல் பழகுவோம். கத்தோலிக்கர்தான் கூட. பழகி முடிய எல்லாரும் நின்று ஒரு செபம் சொல்லிக் கலைவது வழக்கம். நாங்கள் பரலோக மந்திரம் என்போம், அவர்கள் பரமண்டல ஜெபம் என்பார்கள். இயேசு சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த அதே செபம்தான். ஆனால் நாங்கள் முடிக்கிற இடத்தில் அவர்களுக்கு முடியாது, கடைசியில் இன்னும் ஒரு வசனம் இருக்கிறது.

அண்டைக்கு நாங்கள் "ஆமென்" சொல்லிப் பையைத் தூக்குகிற நேரம் பின்வரிசையில் ஒரு குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஒருத்தரும் கூடச் சொல்லவில்லை. அந்தக் குரல் கூச்சப்பட்டுச் சத்தத்தைக் குறைக்கவுமில்லை, வேணுமென்று கூட்டவுமில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்து, தனியாக ஆமென் சொன்னது. நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்தது அவ்வளவுதான். காற்று அடிக்கவுமில்லை, பின்னணி இசை கேட்கவுமில்லை.

வாசலில் செருப்புப் போடேக்க அவன்தான் கேட்டான்.

"நீங்க ஏன் இடையில நிப்பாட்டுறனீங்கள்?"

"நாங்க நிப்பாட்டேல்ல. நீங்கதான் கூட்டிச் சொல்லுறீங்கள்."

"பைபிள்ல இருக்கே."

"எந்தப் பைபிள்ல?"

இரண்டு பேருக்கும் அதுக்கு மேலே தெரியாது. ஹொஸ்டலுக்குப் போய்த் தேடினேன். மத்தேயு நற்செய்தியின் மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த வசனம் இல்லை. லூக்காவில் இல்லவே இல்லை. ஆனால் ஆதித் திருச்சபை செபிக்கும்போது அதைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. எங்கட பூசையிலும் அது இருக்கத்தான் செய்கிறது: நாங்கள் செபத்தை நிறுத்த, குருவானவர் நடுவில் ஒரு மன்றாட்டுச் சொல்வார், அதுக்குப் பிறகு நாங்கள் அதே வசனத்தைச் சொல்லுவோம். இவ்வளவு வருசமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், அது இதன் மிச்சம் என்று யோசித்ததில்லை. கரோல் குறூப்பில் இருந்து அவனுடைய நம்பரை எடுத்து, "இரண்டு பேரும் சரி" என்று அனுப்பினேன். "அப்ப நாளைக்கு நானும் கொஞ்சம் நிப்பாட்டிப்போட்டுச் சொல்லுறன்" என்று பதில் வந்தது.

இப்படித்தான் தொடங்கினது. காதல் என்று பெயர் வைக்க ஒன்றும் இல்லை. அவன் "லெந்து" என்பான், நான் "தவக்காலம்" என்பேன். அவனுக்கு ஜெபம், எனக்குச் செபம். "ஒரு எழுத்துத்தானே" என்று அவன் சொல்லுவான். "அந்த எழுத்துக்காகத்தான் ஐரோப்பாவில சண்டை பிடிச்சவை" என்று நான் சொல்லுவேன். இப்படி ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று. கன்ரீனில் ஒரு பிளேன்ரீயை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கதைக்க எங்களால் முடிந்தது.

தையில் ஒரு நாள் ஒரு சொல் மாறினது. அதுவரைக்கும் நாங்கள் "நீங்கள்". அண்டைக்கு அவன் "நீர் சாப்பிட்டீரோ?" என்று கேட்டான். யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு இது விளங்குமோ தெரியாது. எங்களிடம் "நீ"க்கும் "நீங்கள்"க்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. "நீங்கள்" என்றால் தூரம். "நீ" என்றால் உரிமை, சில நேரம் அதிகாரம். "நீர்" என்றால் மதிப்பும் இருக்கும், கிட்டவும் இருக்கும். அந்தப் படியில் ஏறுகிறதுக்கு ஒருத்தரும் அனுமதி கேட்பதில்லை. மற்றவர் திருப்பி "நீர்" என்று சொன்னால் சரி, "நீங்கள்" என்றே சொன்னால் இறங்கிவிட வேண்டியதுதான்.

"சாப்பிட்டன். நீர்?" என்று கேட்டேன்.

அண்டைக்கு இரவு செபம் சொல்லேக்கதான் கவனித்தேன். நாங்கள் கடவுளைக் கூப்பிடுகிறதும் "நீர்" என்றுதான். அவர்களும் அப்படித்தான். இரண்டு பக்கமும் எத்தனையோ சொல்லை மாற்றி வைத்திருக்கிறோம், இந்த ஒன்றை மாற்றவில்லை. சிரிப்பு வந்தது. செபத்தைத் திரும்ப முதலில் இருந்து சொன்னேன்.

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு விரிவுரைக்குப் போனேன். "என்னடி, நீங்களும் திருநீறோ?" என்று வழமை போலச் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவர்களுடைய சபையில் சாம்பல் பூசுவதில்லை.

"உது எங்க இருந்து எடுக்கிறது?"

"போன வருசத்துக் குருத்தோலையை எரிச்சு."

"எங்கட சேர்ச்சிலயும் குருத்தோலை தருவினம். நான் பைபிளுக்குள்ள வைக்கிறனான். அங்கயே கிடக்கும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "எனக்கு உம்மோட கதைக்காட்டி அந்த நாள் முடிஞ்ச மாதிரி இல்ல."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். மூன்று நாள் யோசித்தேன். யோசிக்க என்ன இருந்தது என்று கேட்டால், அவனைப் பற்றி இல்லை. அந்தக் கேள்வியைப் பற்றித்தான். நான் "ஓம்" என்று சொன்ன நிமிசத்தில் இருந்து அது வரும் என்று தெரியும்.

வந்தது. முதலில் ஹொஸ்டலில் ஒரு அக்கா: "பெடியன் நல்லம். எந்தக் கோவில்?" பிறகு எங்கட ஊரில் கொயரோடு சம்பந்தப்பட்ட ஒருவர்: "பாடுற பிள்ளை, ஆக்கள் கதைக்கிற மாதிரி வைச்சுக்கொள்ளக் கூடாது." பிறகு கனடாவில் இருக்கிற சித்தி. எங்கட தெருவுக்குத் தெரிய முதல் ரொறன்ரோவுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சித்தியிடம் இருந்து அம்மாவுக்கு.

அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது. அரிவாளில் மீன் வெட்டிக்கொண்டே கேட்டா.

"அந்தப் பெடியன் வேதத்துக்கு வருவானோ?"

"அவனும் வேதம்தானம்மா."

"அது வேற வேதம்."

"அம்மா, நாங்க கதைக்கத் தொடங்கி ரெண்டு மாசம்தான்."

"பிறக்கிற பிள்ளையை எங்க கொண்டுபோய்த் தண்ணி வாக்கிறது?"

இரண்டு மாதத்தில் எனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதுக்கு ஞானஸ்நானச் சிக்கலும் வந்துவிட்டது! ஆனால் அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அம்மா கேட்டது சும்மா ஒரு கேள்வியில்லை, திருச்சபைச் சட்டத்தில் இருக்கிற கேள்வி. 1983 ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1124, 1125 ஆம் இலக்கங்களை எடுத்துப் பாருங்கள். கத்தோலிக்கர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற வேறு சபையாரை மணக்கலாம். அதுக்கு அனுமதி எடுக்க வேண்டும். கத்தோலிக்கத் தரப்பு தன் விசுவாசத்தைக் காப்பதாகச் சொல்லி, பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதெல்லாம் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றத் தரப்புக்கு இதை அறிவித்தால் போதும், அவர் வாக்குக் கொடுக்கத் தேவையில்லை. முந்தி அவரும் கொடுக்க வேண்டியிருந்தது. 1970 இல் திருத்தந்தை ஆறாம் பவுல்தான் அதை மாற்றினார். அவன் மதம் மாற வேண்டும் என்று எந்த இடத்திலும் இல்லை. "வேதத்துக்கு வருவானோ?" என்பது சட்டத்தின் கேள்வி இல்லை, ஊரின் கேள்வி.

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "படிச்சிருக்கிறாய்" என்றா. அது பாராட்டில்லை.

அதே சட்டத் தொகுப்பு இன்னொன்றும் சொல்கிறது: திருமணத்தை உண்டாக்குவது அந்த இருவரின் சுயாதீனமான சம்மதம். வேறு எந்த மனிதரும் அதை அவர்களுக்குப் பதிலாகக் கொடுக்க முடியாது. எங்கட போதனைப்படி திருமணம் என்ற அருட்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்குவது மணமக்கள்தான், குருவானவர் சாட்சி. இவ்வளவு பெரிய சம்மதத்தை எதிர்பார்க்கிற திருச்சபை, அந்தச் சம்மதம் எங்கே வளரும் என்று நினைக்கிறது? எங்கட இளைஞர் ஒன்றுகூடல்களில் காதல் இரண்டு விதமாகத்தான் வரும். ஒன்று எச்சரிக்கை. மற்றது திருமண ஆயத்தம். தொடங்காதே, தொடங்கினால் முடித்துவிடு. நடுவில் ஒன்றும் இல்லை. அவனைக் கேட்டேன், அவர்களுடைய பக்கமும் அதேதான். இதில் மட்டும் நல்ல ஒற்றுமை.

நடுவுக்கு எங்கட தமிழில் ஒரு நல்ல சொல் இருக்கிறது. "அவையள் கதைக்கினம்." யாழ்ப்பாணத்தில் ஒரு பெடியனும் பெட்டையும் "கதைக்கினம்" என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். லவ் என்றும் சொல்லாமல், கலியாணம் என்றும் சொல்லாமல், உள்ளதை உள்ளபடி சொல்லுகிற சொல் அது. நாங்கள் செய்வதும் அதுதான். கதைக்கிறோம்.

ஆனால் இதில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். அதுக்காகத்தான் இதை எழுதவே தொடங்கினேன்.

பங்குனியில் ஒரு நாள் அவன் முகம் சரியில்லை. கேட்டேன். அவன் மறைக்கவில்லை. பெரியம்மா ஒருவர் வீட்டுக்கு வந்திருக்கிறா. "பிள்ளை கெட்டிக்காரியாம், பாட்டும் பாடுமாம். ஆனா கரைப் பக்கமாம்" என்றிருக்கிறா.

"நீர் என்ன சொன்னீர்?"

"ஒண்டும் சொல்லேல்ல. என்ன சொல்லுறது எண்டு தெரியேல்ல."

அண்டைக்கு நான் முன்னேரம் ஹொஸ்டலுக்குப் போய்விட்டேன். போனை எடுக்கவில்லை. அப்பா விடிய இரண்டு மணிக்கு எழும்பிக் கடலுக்குப் போகிற சத்தத்தில் வளர்ந்தவள் நான். அந்த "ஆனா" என்ன சொல்கிறது என்று எனக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் "உங்கட வீட்டு மணம்" என்று மூக்கைப் பொத்திக் காட்டினவர்களிடமும் அதே "ஆனா" இருந்தது. அவர்களில் பாதிப்பேர் ஞாயிறு தோறும் நற்கருணை எடுத்தவர்கள்.

அடுத்த நாள் நூலகப் பக்கம் இருந்த வாங்கில் அவனுக்குச் சொன்னேன். "எந்தக் கோவில்ல கட்டுறது, எந்தப் பிள்ளைக்கு எங்க ஞானஸ்நானம், இதெல்லாம் பிறகு பாக்கலாம். பாக்கவே வேண்டி வராமலும் போகலாம். எனக்கு அதில அவசரமில்ல. ஆனா இது பிறகு பாக்கிற விசயமில்ல. இதை நீர் இப்ப என்ன செய்யப்போறீர் எண்டு எனக்கு இப்ப தெரியோணும்."

அவன் உடனே ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது. உடனே ஒரு வசனம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அந்த ஞாயிறு ஆராதனை முடிய, தானே பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறான். "நான் கலியாணம் பேசிக் கேக்கேல்ல பெரியம்மா. ஆனா அண்டைக்கு நீங்க சொன்னதை இனி என்ர முன்னால சொல்லாதேங்கோ" என்றிருக்கிறான். பெரியம்மா தேத்தண்ணி தரவில்லையாம். அதையும் சொன்னான், சிரித்துக்கொண்டு இல்லை.

இது வீரம் என்று நான் எழுதவில்லை. பெரியம்மா மாறிவிடவும் இல்லை. ஆனால் தொடக்கத்தில் ஒத்திவைக்கக் கூடியது எது, கூடாதது எது என்று எங்கள் இருவருக்கும் அண்டைக்குத் தெரிந்தது. சபை வித்தியாசம் இரண்டு பேரும் கதைத்துத் தீர்க்கக் கூடியது. அதில் எங்களுக்கு ருசியும் இருக்கிறது, இந்த நட்பே அதில்தான் தொடங்கினது. சாதி அப்படியில்லை. அதைப் பேசாமல் தொடங்கினால், அது பேசாமலே கூட இருந்து கடைசியில் தானே முடிவெடுக்கும். "எந்தக் கோவில்?" என்ற கேள்விக்குள் இந்த இரண்டும் ஒன்றாகக் கட்டிக் கிடக்கிறது. அவிழ்த்துத் தனித்தனியாக வைத்துப் பார்த்தால்தான் எதுக்குப் பயப்பட வேண்டும் என்று தெரியும்.

கிறிஸ்தவர்களுக்குக் காதல் புதுசு, இது கம்பஸ் பழக்கம் என்று சொல்லுகிறவர்களுக்கு ஒரு விசயம். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கினது, பெடியன்களுக்கு. அடுத்த வருசம், 1824 இல், உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை. செமினரியில் படிக்கிறவர்களுக்குப் படித்த கிறிஸ்தவ மனைவிமார் வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினதால் மிஷனே சீதனம் தருவதாகச் சொன்னது. உடுவிலில் 1840 இல் இருந்து ஏறக்குறைய நாற்பது வருசம் அதிபராக இருந்து இத்தனை மணப்பெண்களை வளர்த்தெடுத்த எலைசா அக்னியூ அம்மையார் கடைசிவரை கலியாணம் கட்டாதவர். ஆக, படித்த கிறிஸ்தவப் பெடியனும் பெட்டையும் சேர்வதற்குத் திருச்சபையே பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறது. அவர்கள் தாங்களாகச் சந்திப்பதில்தான் பிரச்சினை.

விவிலியத்திலும் ஒரு புத்தகம் இருக்கிறது. எங்கட திருவிவிலியத்தில் அதன் பெயர் இனிமைமிகு பாடல். அவனுடைய வேதாகமத்தில் உன்னதப்பாட்டு. எட்டே அதிகாரம். கடவுளுக்கும் மக்களுக்கும், கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும் உள்ள அன்பு என்று உருவகமாக விளங்கப்படுத்துவார்கள், அதுவும் சரிதான். ஆனால் முதலில் அது ஒரு பெண்ணும் ஒரு ஆணும் ஒருவரையொருவர் தேடுகிற கதை. அவளுடைய அண்ணன்மார் கோபிக்கிறார்கள். வெயிலில் வேலை செய்து கறுத்ததை அவளே சொல்கிறாள். இரவில் அவனைத் தேடிப் போனவளை நகரக் காவலர் அடிக்கிறார்கள். இதை எழுதி வைத்தவர்களுக்கு எங்கட ஊர் தெரிந்திருக்கிறது! காதலை அதன் நேரம் வரும்முன் தட்டி எழுப்பவேண்டாம் என்ற கருத்தில் ஒரு வேண்டுகோள் அதில் மூன்று தடவை வருகிறது. அதைப் பிள்ளைகளுக்கான எச்சரிக்கையாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். இப்போது வாசிக்கும்போது பெரியவர்களுக்கும் சொன்ன மாதிரி இருக்கிறது. அதை அதன் வேகத்தில் விடுங்கள், அவசரப்படுத்தவும் வேண்டாம், அமத்தவும் வேண்டாம்.

அப்பாவுக்கு எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் இதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. போன முறை வீட்டுக்குப் போனபோது வாசலில் இருந்து வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். கன நேரத்துக்குப் பிறகு, வலையில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"பிள்ளை, நீ கதைக்கேக்க அவன் கேக்கிறவனோ?"

"ஓமப்பா."

"ம்."

அவ்வளவுதான். ரொறன்ரோவில் இருந்து ஹொஸ்டல்வரைக்கும் எத்தனையோ பேர் கேட்டதில், அவனைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி அது. மற்றவை எல்லாம் முகவரி விசாரிப்பு. உங்கட நண்பர்கள் இரண்டு பேர் கதைக்கினம் என்று கேள்விப்பட்டால் அப்பாவின் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவல் தாறேன்.

இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாது. மூன்று மாதத்தில் தெரிய வேண்டியதும் இல்லை. இறுதி வருசம் இருக்கிறது, ஆய்வுக்கட்டுரை இருக்கிறது, வேலை கிடைக்குமோ என்ற பயம் இருக்கிறது. நாங்கள் பிரிந்தாலும் பிரியலாம். அப்படிப் பிரிந்தால் அது எங்கள் இருவருக்கும் ஒத்துவராததால் இருக்க வேண்டும், பெரியம்மாவுக்கு ஒத்துவராததால் இருக்கக் கூடாது. இப்போதைக்கு நாங்கள் எடுத்த முடிவு அவ்வளவுதான். இன்னொன்று, வீட்டுக்கு ஒளிக்கிறதில்லை.

பெரிய வெள்ளி வருகிறது. அன்றைக்கு அவனுடைய சபையில் பன்னிரண்டு மணியில் இருந்து மூன்று மணிவரைக்கும் ஆராதனை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றின தியானம். எங்கட கோவிலில் வழிபாடு அதுக்குப் பிறகுதான். "எங்கட முடிய சைக்கிள்ல வந்தா உங்கடைக்குப் பிடிக்கலாம்" என்று கணக்குப் பார்த்துச் சொன்னான். ஊர் முழுக்கப் பார்க்கும் என்று சொன்னேன். "பாக்கட்டும். பின்னுக்குத்தானே நிக்கப்போறன்" என்றான். பின்வரிசை அவனுக்குப் பழக்கம்தான்.

அம்மாவுக்குச் சொல்லாமல் இருக்கவில்லை. போனில் சொன்னேன். அந்தப் பக்கம் கன நேரம் சத்தம் இல்லை. வரட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"அவையளும் பெரிய வெள்ளிக்கு ஒருசந்தி பிடிக்கிறவையோ?"

"தெரியாதம்மா. கேட்டுச் சொல்லுறன்."

"கேள். அவ்வளவு தூரம் வெயிலுக்குள்ள சைக்கிள் ஓடி வாறதெண்டா… கஞ்சி கொஞ்சம் கூட வைக்கோணும்."